வாசகர் கேள்வி – மறுமொழி: படலைக்கு உள்ளே ஒரு நாய்

சோளகம் வீசத் தொடங்கினால் உண்ணிக் கடிதங்களும் வரத் தொடங்கிவிடும். இந்த முறையும் அப்படித்தான். ஒரே கேள்வியைப் பலர் கேட்ட இடத்தில் ஒரு கடிதத்தை மட்டும் எடுத்திருக்கிறோம். ஊரைப் போட்டுப் பெயரை விட்டிருக்கிறோம்.

கோண்டாவில் வாசகி: எங்கட நாய்க்கு ஒன்றரை வயது. பகலில மாமரத்தடியில கட்டி வைக்கிறம், இரவில அவிட்டு விடுறம். முந்தி எல்லாரோடயும் சேருற நாய். இப்ப தபால்காரர், மீன்காரர் எண்டு ஒருத்தரையும் விடுதில்லை. போன கிழமை பக்கத்து வீட்டுப் பெடியனில பாய்ஞ்சு கால்சட்டையைக் கிழிச்சுப்போட்டுது. கட்டி வைச்சால் ரோசம் கூடும், காவலுக்கு நல்லது எண்டு அப்பா சொல்லுறார். உண்மையோ?

மறுமொழி: அப்பா சொல்வதில் பாதி சரி, அக்கா. ரோசம் கூடும், காவல் கூடாது. பயந்த நாய்க்கு இரண்டு வழிதான் உண்டு: விலகிப் போவது, இல்லையென்றால் பாய்வது. சங்கிலி முதல் வழியை அடைத்துவிடுகிறது. இதற்கு மேல் தபால்காரர் கணக்கு ஒன்றும் இருக்கிறது. அவர் படலையடிக்கு வருகிறார், நாய் குரைக்கிறது, அவர் போகிறார். கடிதத்தைக் கொடுத்துவிட்டதால் போனார் என்பது உங்களுக்குத் தெரியும். நாய்க்குத் தெரிந்தது, தான் குரைத்ததால் போனார் என்பதுதான். ஒரு வருடமாக இப்படி வென்றுகொண்டே வந்த நாய் அடுத்த படிக்குப் போகாமல் என்ன செய்யும்? ஆளைக் கண்டு எட்டிப் பாயும்போதெல்லாம் கழுத்துப்பட்டி இறுகி நோகிறதே, அந்த நோவும் வந்த ஆளின் கணக்கில்தான் ஏறும்.

முதலில் இடத்தை மாற்றுங்கள். படலையும் ஒழுங்கையும் கண்ணில் படாத பின்வளவில், நிழலில், 12 அடிக்கு 12 அடி அளவில் 5 அடி உயரக் கம்பிவலை அடைப்பு ஒன்று போட்டால் சங்கிலியே தேவையில்லை. வலையின் அடியை அரை அடி மண்ணுக்குள் புதைக்கவேண்டும், இல்லையென்றால் கிண்டிக்கொண்டு வெளியே வரும். அதற்கு வசதி இல்லாவிட்டால் ஓட்டக்கம்பி கட்டலாம். 30 அடி இடைவெளியில் இரண்டு மரம் பாருங்கள். 7 அடி உயரத்தில் தடித்த கல்வனைஸ் கம்பியை இழுத்துக் கட்டி, அதில் ஒரு இரும்பு வளையம் ஓடவிடுங்கள். வளையத்திலிருந்து 8 அடிச் சங்கிலி. சங்கிலியின் இரண்டு நுனியிலும் தானாகச் சுழலும் கொளுக்கி வேண்டும், அது இல்லாவிட்டால் இரண்டு நாளில் முறுக்கேறிக் கழுத்தை நெரிக்கும். நாய் தலையை நிலத்தில் வைத்துப் படுக்கும் அளவுக்குச் சங்கிலி நீண்டிருக்கவேண்டும்.

பலர் விடுகிற பிழை மரத்தடியில்தான். வளையம் மரம் வரைக்கும் ஓடினால் நாய் மரத்தைச் சுற்றிச் சுற்றித் தன்னையே கட்டிப்போடும். தண்ணீர்ச் சட்டி இரண்டு முழம் தள்ளி இருக்க, அது வெயிலில் நிற்கும். ஆகவே மரத்திலிருந்து 6 அடி தள்ளி இரண்டு பக்கமும் கம்பியில் ஒரு கிளிப்பை முறுக்கி, வளையத்தை அதற்கு மேலே போகவிடாமல் தடுங்கள். மதிலுக்கோ வேலிக்கோ கிட்டக் கட்டவே வேண்டாம். மதிலால் பாய்ந்த நாய் மறுபக்கம் தொங்கிச் செத்துவிடும்.

அடுத்தது பயிற்சி. நாய்க்கு ஆள் தெரியவேண்டும், ஆனால் குரைக்கிற அளவுக்குக் கிட்ட இருக்கக்கூடாது. உங்கள் நாய்க்கு அது 40 அடியாகவும் இருக்கலாம், 60 அடியாகவும் இருக்கலாம். தெரிந்த ஒருவரை அந்தத் தூரத்தில் வந்து நிற்கச் சொல்லுங்கள். ஆள் கண்ணில் பட்டதும் அவித்த ஈரல் துண்டு ஒன்று, இரண்டு செக்கனில் இன்னொன்று, ஆள் மறையும் வரை. ஆள் மறைந்ததும் ஈரலும் நின்றுவிட வேண்டும். ஆள் வந்தால் ஈரல் வரும் என்று நாய் உங்களைத் திரும்பிப் பார்க்கிற நாளில்தான் 3 அடி கிட்டக் கொண்டுவரலாம். குரைத்தால் நாயை ஏசவேண்டாம். நீங்கள் அவசரப்பட்டுவிட்டீர்கள், பழைய தூரத்துக்குத் திரும்பிப் போங்கள். நாளுக்கு 5 நிமிடம் போதும். 4 முதல் 6 கிழமை பிடிக்கும். அதுவரை படலைக்குப் பூட்டும், ‘நாய் உண்டு, மணி அடிக்கவும்’ என்று ஒரு பலகையும் போட்டுவையுங்கள். இரவில் அவிழ்த்து விடுவது மூடிய வளவுக்குள் மட்டும். ஒழுங்கையில் விட்டால் லொறியில் அடிபடுவதும் அங்கேதான், ஆளைக் கடிப்பதும் அங்கேதான்.

வட்டுக்கோட்டை மாணவர் ஒருவர்: எங்கட குட்டிக்கு மூண்டு மாதம். ‘இரு’ எண்டு நூறு தரம் சொல்லியும் இருக்குதில்லை. கூப்பிட்டாலும் வராது. அடிக்கலாமோ?

மறுமொழி: அடிக்கவேண்டாம், தம்பி. முதலில் வீட்டில் யார் என்ன சொல்கிறார்கள் என்று ஒரு நாள் காது கொடுத்துக் கேளுங்கள். அம்மா ‘இரு’ என்பார், அப்பா ‘சிற்’ என்பார், நீங்கள் ‘இருடா, இரு, இரு’ என்பீர்கள், அப்பம்மா ‘இஞ்ச இரு’ என்பார். குட்டிக்கு இவை நான்கு வேறு வேறு சத்தம். ஒரு சொல்லை எல்லோருமாகத் தெரிந்தெடுத்து, ஒரு தரம் மட்டும் சொல்லவேண்டும். நூறு தரம் சொன்னால் 99 தரம் சொல்வதைக் கேட்கத் தேவையில்லை என்றுதான் அது படிக்கும்.

பழக்கும்போது தொடக்கத்தில் சொல்லே வேண்டாம். ஈரலைக் கடலை அளவுக்கு வெட்டுங்கள், அதைவிடப் பெரிதானால் மென்றுகொண்டே படித்ததை மறந்துவிடும். துண்டை மூக்குக்குக் கிட்டப் பிடித்து, நெற்றிக்கு மேலால் காதுப்பக்கம் மெல்லக் கொண்டுபோங்கள். மூக்கு மேலே போகப் பின்பக்கம் தானாகக் கீழே வரும். கையை உயர்த்திவிட்டால் குட்டி துள்ளும், அது உங்கள் கையின் பிழை. பின்பக்கம் சீமெந்தில் பட்ட அந்தக் கணத்தில் கொடுக்கவேண்டும். இரண்டு செக்கன் தாமதித்தால் குட்டி எழும்பியிருக்கும். நீங்கள் சம்பளம் கொடுத்தது எழும்பியதற்கு. பத்துத் தரத்தில் எட்டுத் தரம் கையோடு சேர்ந்து இருக்கத் தொடங்கிய பிறகு, கையை அசைப்பதற்குச் சற்று முன் ‘இரு’ என்று சொல்லுங்கள். ஒரு நேரத்தில் 3 நிமிடம், நாளுக்கு மூன்று தரம், சாப்பாட்டுக்கு முன்.

‘வா’ என்று கூப்பிட்டு வந்ததும் குளிக்க வார்ப்பது, கட்டுவது, செருப்புக் கடித்ததற்கு ஏசுவது, இவை மூன்றும் கூடாது. குளிக்க வார்ப்பதானால் நீங்களே போய்த் தூக்கிக்கொண்டு வாருங்கள். ‘வா’ என்றால் எப்போதும் நல்லது மட்டுமே நடக்கவேண்டும்.

சாவகச்சேரி வாசகர்: உண்ணியைப் புடுங்கிப் புடுங்கிக் களைச்சுப்போனம். குளிக்க வார்த்து மருந்து பூசினால் ஒரு கிழமைக்கு இல்லை, பிறகு அப்பிடியே வருது. இப்ப நாய் சாப்பிடுதும் இல்லை.

மறுமொழி: கடைசி வரியை முதலில் பார்ப்போம். உண்ணி ஏறிய நாய் சாப்பாட்டை விட்டால் அன்றைக்கே மேலுதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். நல்ல ஈறு இளஞ்சிவப்பாக இருக்கும். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் 2 செக்கனுக்குள் திரும்பவும் சிவக்கும். சுண்ணாம்பு பூசியது போல் வெளிறி இருந்தால், மூக்கால் இரத்தம் வந்தால், மூத்திரம் தேத்தண்ணி நிறத்தில் போனால், உடம்புச் சூடு 39.5 பாகைக்கு மேல் இருந்தால், அது உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். உண்ணி கடிக்கும்போது ஏர்லிக்கியா, பபீசியா என்ற இரண்டு கிருமிகள் இரத்தத்துக்குள் போகலாம். இரண்டுக்கும் மருந்து வேறு வேறு, ஆகவே இரத்தப் பரிசோதனை இல்லாமல் பாமசியில் மருந்து வாங்கிக் கொடுக்கவேண்டாம். ஏர்லிக்கியாவுக்கு மிருக வைத்தியர்கள் வழக்கமாக டொக்சிசைக்ளின் 28 நாள் கொடுப்பார்கள். நான்காம் நாள் நாய் வாலாட்டிச் சாப்பிடத் தொடங்கியதும் குளிசையை நிறுத்துகிற வீடுகளில்தான் இரண்டு மாதம் கழித்து அதே காய்ச்சல் திரும்பி வருகிறது. குளிசையைச் சாப்பாட்டோடு கொடுங்கள், வெறும் வயிற்றில் சத்தி வரும்.

இனி, ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்பது. நாயில் நீங்கள் காண்பது வந்து போகிற உண்ணி மட்டும். இந்த மண்ணிற உண்ணி குஞ்சாக ஒரு தரம், அடுத்த பருவத்தில் ஒரு தரம், வளர்ந்து ஒரு தரம் என மூன்று தரம் நாயில் ஏறி, ஒவ்வொரு முறையும் இரத்தம் குடித்துவிட்டு இறங்கும். இறங்கினால் மேலே ஏறி ஒளிப்பதுதான் அதன் குணம். கொட்டிலில் கிடுகுக்கு இடையில், மதில் வெடிப்பில், யன்னல் நிலைக்குப் பின்னால் பாருங்கள். இரத்தம் குடித்து ஊதிய பெட்டை உண்ணி ஒன்று சில ஆயிரம் முட்டை இடும். இன்னும் இரத்தம் குடிக்காத உண்ணி சாப்பாடு இல்லாமல் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஆகவே நாயையும் வீட்டையும் ஒரே நாளில் பார்க்கவேண்டும்.

நாய்க்கு: மிருக வைத்தியர் நிறை பார்த்துத் தரும் வாய்வழி உண்ணிக் குளிசைகளில் சில ஒரு மாதத்துக்கும் சில 12 கிழமைக்கும் வேலை செய்யும். வலிப்பு வந்த நாயானால் முன்கூட்டியே சொல்லுங்கள். முதுகில் விடும் துளி மருந்தானால் அதற்கு முன்னும் பின்னும் 2 நாள் குளிக்க வார்க்கக்கூடாது. குளித்த கையோடு மருந்து பூசிவிட்டு, அடுத்த நாள் திரும்பவும் சவர்க்காரம் போடுவதால்தான் உங்கள் மருந்து ஒரு கிழமையோடு முடிகிறது. மாட்டு உண்ணிக்கு வாங்கிய மருந்தை நாயில் பூசவேண்டாம். வாய் நுரைத்து நடுங்கத் தொடங்கினால் நஞ்சேறிவிட்டது என்று பொருள். மண்ணெண்ணெயும் வேண்டாம், தோல் வெந்துவிடும். வேப்பெண்ணெய் கொஞ்சம் விரட்டும், கொல்லாது. வீட்டில் பூனை இருந்தால் பேர்மெத்ரின் உள்ள நாய் மருந்தை வளவுக்குள்ளேயே எடுக்காதீர்கள், பூனை அதை நக்கினாலே போதும், வலிப்பு வந்துவிடும்.

வீட்டுக்கு: கொட்டில் மதிலோடு ஒட்டி இருந்தால் ஒரு முழம் தள்ளி வையுங்கள். வெடிப்புகளுக்குள் கொதிதண்ணீர் ஊற்றி, காய்ந்ததும் சீமெந்து பூசி அடையுங்கள். பழைய சாக்கை எரியுங்கள். கிழமைக்கு ஒரு தரம், 3 மாதத்துக்கு விடாமல்.

பிடுங்கும்போது சிறு சாமணத்தால் தோலோடு ஒட்டப் பிடித்து நேராக இழுக்கவேண்டும். நெருப்புக்குச்சியும் வேண்டாம், எண்ணெயும் வேண்டாம். பிடுங்கியதை நகத்தால் நசுக்காமல் சவர்க்காரத் தண்ணீர்ப் போத்தலுக்குள் போடுங்கள். காதின் உள்மடிப்பு, கால்விரல் இடுக்கு, கழுத்துப்பட்டிக்குக் கீழ், இந்த மூன்றையும் பார்க்காமல் ‘உண்ணி இல்லை’ என்று சொல்லவேண்டாம்.

வேலணை வாசகி: வாங்குற நாய்ச் சாப்பாடு எங்களுக்குக் கட்டாது. சோறும் மீன்தண்ணியும்தான். அது போதுமோ?

மறுமொழி: சோறும் மீன்தண்ணீரும் வயிற்றை நிரப்பும், உடம்பைக் கட்டாது. ஆனால் தீவில் இருந்துகொண்டு நாய்ச் சாப்பாட்டுக்குக் கவலைப்படத் தேவையில்லை. சூடை மலிந்த நாளில் வாங்கி, குடலை எடுத்துவிட்டு, கொஞ்சம் தண்ணீரோடு பிரஷர் குக்கரில் சிறு நெருப்பில் 40 நிமிடம் விடுங்கள். நடுமுள்ளை எடுத்து இரண்டு விரலால் நசுக்கினால் மாப்போல் வரவேண்டும். வரவில்லை என்றால் இன்னும் 10 நிமிடம். அப்படி வெந்த முள் தொண்டையில் குத்தாது, கல்சியமும் அதிலேயே கிடைத்துவிடும். பச்சையாகப் போடாதீர்கள், சூடையில் உள்ள ஒரு நொதியம் விற்றமின் பி1-ஐ அழிக்கும், அவித்தால் அது செயலிழந்துவிடும்.

10 கிலோ நிறையுள்ள வளர்ந்த நாய்க்கு ஒரு நாளுக்கு: சோறு 250 கிராம், அவித்த மீன் அல்லது கோழி 150 கிராம், அவித்த பூசணிக்காயோ கரட்டோ ஒரு கைப்பிடி, தேங்காயெண்ணெய் ஒரு தேக்கரண்டி. இதைக் காலையும் மாலையுமாகப் பிரியுங்கள். கிழமைக்கு ஒரு நாள் மீனுக்குப் பதிலாக 50 கிராம் ஈரலும் ஒரு முட்டையும். முள்ளோடு மீன் போடாத நாளில் முட்டைக் கோதைக் காயவைத்து, பவுடராக அரைத்து, அரைத் தேக்கரண்டி கலக்கலாம். இது வளர்ந்த நாய்க்கான கணக்கு. அல்சேசன் போன்ற பெரிய சாதிக் குட்டிக்குக் கல்சியம் கூடினாலும் கால் வளைந்துபோகும், அதற்குக் கோதுத்தூளை உங்கள் விருப்பத்துக்குப் போடாதீர்கள். அளவு சரியா என்று நாயே சொல்லும்: விலாவைத் தடவினால் எலும்பு கைக்குப் படவேண்டும், கண்ணுக்குத் தெரியக்கூடாது.

மிஞ்சிய குழம்பில் ஒரு கவனம். வெங்காயம் இரத்தச் சிவப்பணுவை உடைக்கும், அவித்தாலும் அந்தக் குணம் போகாது. 10 கிலோ நாய்க்கு ஒரே தரத்தில் 150 கிராம் வெங்காயம் ஆபத்து, கொஞ்சம் கொஞ்சமாக நாளாந்தம் போனாலும் சேர்ந்து கெடுக்கும். உள்ளியும் அப்படித்தான். முந்திரிகைப்பழம் (திராட்சை) சிறுநீரகத்தைக் கெடுக்கும், இவ்வளவு தின்றால் பரவாயில்லை என்ற அளவே கிடையாது. தைப்பொங்கலுக்கு முந்திரிகை வத்தல் போட்ட சர்க்கரைப் பொங்கலைப் பாசத்தில் நாய்க்கு வைக்கிற வீடுகள் இதைக் கவனிக்கவேண்டும். இந்தக் கேட்டுக்குக் காரணம் என்று சந்தேகிக்கப்படும் தார்த்தாரிக் அமிலம் பழப்புளியிலும் இருக்கிறது. ஆகவே புளிவிட்ட மீன்குழம்பும் வேண்டாம். கறியில் வெந்த கோழி எலும்பு ஊசிபோல் சிம்பாகப் பிளக்கும், அதுவும் வேண்டாம்.

சுன்னாகம் வாசகர்: புதுக் குட்டி வீட்டுக்குள்ள மூத்திரம் பெய்யுது. மூக்கைப் புடிச்சு அதில தேய்ச்சால் விடுமோ?

மறுமொழி: விடாது. நீங்கள் இல்லாத இடமாகப் பார்த்து, கதிரைக்குக் கீழே போய்ப் பெய்யப் பழகும். நித்திரையால் எழும்பியதும், சாப்பிட்டு 10–15 நிமிடத்திலும், விளையாடி முடித்ததும், மற்ற நேரம் 2 மணித்தியாலத்துக்கு ஒரு தரமும் முற்றத்தின் ஒரே மூலைக்குக் கொண்டுபோங்கள். பெய்து முடித்ததும் அந்த இடத்திலேயே ஒரு துண்டு. வீட்டுக்குள் வந்தபிறகு கொடுத்தால் அது வீட்டுக்குள் வந்ததற்கான கூலி. நிலத்தைப் பினாயில் போட்டுக் கழுவினால் உங்களுக்கு மணம் போகும், அதற்குப் போகாது. வினாகிரியும் தண்ணீரும் சரிபாதி கலந்து துடையுங்கள்.

மானிப்பாய் வாசகி: குட்டி இரத்த வயித்தோட்டத்தில செத்துப்போச்சு. பிள்ளையள் இன்னொண்டு கேட்டு அழுகினம். எப்ப கொண்டு வரலாம்?

மறுமொழி: நீங்கள் எழுதிய அறிகுறிகளைப் பார்த்தால், வாந்தி, நாறும் இரத்த வயிற்றோட்டம், இரண்டு நாளில் சாவு, இது பார்வோ வைரஸாக இருக்க வாய்ப்பு அதிகம். நிழல்பட்ட ஈர மண்ணில் அந்த வைரஸ் ஒரு வருடம் வரைக்கும் இருக்கும். சவர்க்காரத்துக்கும் டெற்றோலுக்கும் அசையாது. வெளுப்பாக்கும் குளோரின் திரவத்தில் ஒரு பங்குக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து, சீமெந்து நிலம், சட்டி, படலை எல்லாம் ஊற்றி 10 நிமிடம் ஊறவிடுங்கள். அதற்கு முன் ஊத்தையைச் சுத்தமாகக் கழுவவேண்டும், ஊத்தைக்கு மேல் ஊற்றினால் குளோரின் அதிலேயே செலவழிந்துவிடும். வெறும் மண்ணுக்கு இது சரிவராது. ஆகவே சின்னக் குட்டி இப்போது வேண்டாம். தடுப்பூசி முழுதும் போட்டு முடித்த, 4 மாதத்துக்கு மேற்பட்ட நாய் ஒன்றைத் தேடுங்கள்.

கூட்டுத் தடுப்பூசி 6–8 கிழமையில் தொடங்கி, 3–4 கிழமைக்கு ஒரு தரமாக 16 கிழமை ஆகும்வரை போடவேண்டும், பிறகு ஒரு வருடத்தில் ஒன்று. ஏன் இத்தனை தரம் என்று கேட்கிறார்கள். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் உடம்பில் இருக்கும்வரை ஊசியை அது அடித்துவிடும். அது எந்தக் கிழமை தீரும் என்பது குட்டிக்குக் குட்டி வேறு. ‘ஒரு ஊசி போட்டனாங்கள், பிறகும் செத்துப்போச்சு’ என்பதன் காரணம் பெரும்பாலும் இதுதான். எலிக்காய்ச்சல் ஊசியையும் கேட்டுப் போடுங்கள். 2024 டிசம்பரில் வடமராட்சியில் எலிக்காய்ச்சல் மனிதரையே வாட்டியது. மாரி வெள்ளத்தில் நிற்கும் நாய்க்கும் அதே கிருமிதான். வயிற்றுப் பூச்சிக்கான மருந்து 2 கிழமை வயதிலிருந்து 2 கிழமைக்கு ஒரு தரம், 3 மாதத்துக்குப் பிறகு 6 மாதம் வரை மாதாமாதம், பிறகு 3 மாதத்துக்கு ஒரு தரம். பிள்ளைகள் வெறுங்காலோடு மணலில் விளையாடுகிற வளவானால் இதில் ஏமாறவேண்டாம், நாயின் கொழுக்கிப்புழு அவர்களின் தோலுக்குள்ளும் ஊரும்.

பருத்தித்துறை வாசகர்: எங்கட சொந்தக் குட்டி விளையாட்டில பல்லுப்பட்டு மகளுக்கு இலேசாக் கீறிப்போட்டுது. மஞ்சள் பூசினம். வைத்தியசாலைக்குப் போகவேணுமோ?

மறுமொழி: போகவேண்டும், ஐயா. இன்றைக்கே. காயத்தைச் சவர்க்காரமும் ஓடும் தண்ணீரும் போட்டு 15 நிமிடம், மணிக்கூட்டைப் பார்த்துக் கழுவுங்கள். மஞ்சள், மிளகாய்த்தூள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். விசர்நாய்க்கடி நோயின் அறிகுறி வந்துவிட்டால் ஆளைக் காப்பாற்ற முடியாது, அதற்கு முன் போட்ட ஊசி காப்பாற்றும். சொந்தக் குட்டி என்பதோ சின்னக் குட்டி என்பதோ கணக்கில்லை, அதற்கு ஊசி போட்ட அட்டை இருக்கிறதா என்பதுதான் கணக்கு. அட்டையைக் கையோடு கொண்டுபோங்கள். ஊசி வேண்டுமா என்பதை வைத்தியர் முடிவெடுப்பார். நாயைக் கொல்லவோ எங்காவது கொண்டுபோய் விடவோ வேண்டாம், 14 நாள் கண்ணுக்குத் தெரியக் கட்டி வைத்துப் பாருங்கள். அது சாப்பிட்டு நலமாக இருக்கிறதா என்ற செய்தி வைத்தியருக்கு வேண்டும்.

குட்டிக்கு 3 மாத வயதுக்கு முன் விசர் ஊசி போட்டிருந்தால் 3 மாத வயதில் திரும்பவும் போட்டு, பிறகு வருடந்தோறும் போடவேண்டும். சுகாதாரப் பகுதியினர் ஊருக்கு வந்து போடும்போது இலவசம். அன்றைக்கு நாயை அவிழ்த்து விட்டுவிட்டு ‘பிடிக்கேலாமல் போச்சு’ என்று சொல்கிற வீடுகள்தான் அதிகம். நாயைப் பதிவு செய்வதும் சட்டப்படி கட்டாயம், அந்தக் கட்டளைச் சட்டம் 1901 ஆம் ஆண்டிலிருந்தே இருக்கிறது.

நல்லூரடி வாசகி: திருவிழா வாணத்துக்கும் தீபாவளி வெடிக்கும் நாய் நடுங்கிக் கட்டிலுக்குக் கீழ போயிடும். ஒருக்கா மதில் பாய்ஞ்சு ஓடி மூண்டு நாள் காணேல்லை. தடவிக் குடுத்தால் பயம் கூடும் எண்டு சொல்லுகினம்.

மறுமொழி: பயம் என்பது கூலி கொடுத்து வளர்க்கிற பழக்கம் இல்லை. தாராளமாகத் தடவுங்கள். அன்றைக்கு மாலை 5 மணிக்கு முன் நடத்திக் கொண்டுவந்து, சாப்பாடு கொடுத்து, வீட்டின் நடு அறையில் விடுங்கள். யன்னலை மூடி, ஃபானையும் றேடியோவையும் போடுங்கள். கட்டிலுக்குக் கீழே ஒளித்தால் இழுக்கவேண்டாம், அங்கேயே ஒரு பழைய சேலையை விரித்துவிடுங்கள். கழுத்துப்பட்டியில் உங்கள் போன் இலக்கம் எழுதி இருக்கட்டும்.

இது அன்றைய இரவுக்கு. நிரந்தரமாகக் குறைக்க 2 மாதத்துக்கு முன்பே தொடங்கவேண்டும். போனில் வெடிச் சத்தத்தை நாய் காதை மட்டும் அசைக்கிற அளவுக்கு மிகக் குறைத்துப் போட்டு, அது ஓடும்போது ஈரல் கொடுங்கள். இரண்டு, மூன்று நாளுக்கு ஒரு புள்ளி கூட்டுங்கள். வாய்நீர் வடிந்து நடுங்கும் நாய்க்கு மிருக வைத்தியர் மருந்து தருவார், ஆனால் அதை வெடி தொடங்குவதற்கு முன் கொடுக்கவேண்டும். நடுங்கத் தொடங்கிய பிறகு கொடுத்தால் பாதி வேலைதான் செய்யும்.

உரும்பிராய் வாசகர்: வெளிநாட்டில இருக்கிற மச்சான் ஹஸ்கி வாங்கித் தாறன் எண்டுறார். யாழ்ப்பாணத்தில வளரும்தானே?

மறுமொழி: பனியில் வண்டி இழுக்கப் பிறந்த சாதி அது. நாய் மூச்சிரைத்துத்தான் உடம்பை ஆற்றும், நம்முடைய கடற்காற்றின் ஈரப்பதத்தில் அதுவும் சரியாக நடக்காது. மயிரை மழித்தாலும் உதவாது, வெயில் நேரே தோலில் விழும். மச்சானிடம் அந்தக் காசை வளவுக்கு நல்ல மதில் கட்டித் தரச் சொல்லுங்கள்.

கரவெட்டி வாசகி: பெட்டை நாய். ஒருக்கா குட்டி போட்ட பிறகு கருத்தடை செய்தால்தான் நல்லது எண்டு ஊரில சொல்லுகினம்.

மறுமொழி: ஊர் சொல்வது பிழை. முதல் பருவத்துக்கு முன், ஏறத்தாழ 6 மாதத்தில் செய்தால் முலையில் கட்டி வரும் வாய்ப்பு மிகக் குறையும்; பருவம் போகப் போக அந்த நன்மையும் குறைந்துகொண்டே போகும். மிகப் பெரிய சாதியானால் மட்டும் ஒரு வருடம் தாண்டிச் செய்யலாம். செய்யாத பெட்டைக்குப் பருவம் முடிந்து 4–8 கிழமையில் கருப்பையில் சீழ் பிடிக்கலாம்: தண்ணீர் அதிகம் குடிக்கும், சாப்பிடாது, வயிறு ஊதும். அது அவசர சத்திரசிகிச்சை. அவிழ்த்து விட்ட நாயில் இன்னொன்றும் தொற்றும். பிறப்புறுப்பில் பூக்கோவா போல் சதை வளர்ந்து சொட்டுச் சொட்டாக இரத்தம் வரும். அதைப் பருவ இரத்தம் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். பருவ இரத்தம் 3 கிழமைக்குள் நிற்கும், இது நிற்காது. கிழமைக்கு ஒரு ஊசியாக 4–6 ஊசியில் பெரும்பாலும் மாறும்.

பெட்டைக் குட்டிகளைச் சாக்கில் கட்டிக் கோயிலடியிலும் சந்தையடியிலும் கொண்டுபோய் விடும் வழக்கம் இன்னும் போகவில்லை. ஒரு சத்திரசிகிச்சையின் செலவைக் கணக்குப் பார்ப்பவர்கள், 63 நாளில் பிறக்கப்போகிற ஆறு ஏழு குட்டிகளையும் அந்தக் கணக்கில் போடவேண்டும்.

மிருசுவில் வாசகர்: தோட்டத்துக்குள்ள போன நாய்க்கு முகம் வீங்கி வந்துது. சுருட்டையோ?

மறுமொழி: பாம்பு என்று வைத்துக்கொண்டே நடந்துகொள்ளுங்கள், பிறகு குளவி என்று தெரிந்தால் நட்டமில்லை. நடக்க விடாமல் தூக்கி ஓட்டோவில் ஏற்றுங்கள். கழுத்துப்பட்டியைக் கழற்றிவிடுங்கள், வீக்கம் கீழே இறங்கினால் அது நெரிக்கும். கட்டுப் போடவோ கீறவோ வேண்டாம். பரசிற்றமோல், ஐபுபுரோபன் போன்ற மனிதர் குளிசை எதுவும் கொடுக்காதீர்கள். போகும் வழியிலேயே மிருக வைத்தியருக்குப் போன் எடுத்து விசமுறி மருந்து இருக்கிறதா என்று கேளுங்கள், இல்லாத இடத்துக்குப் போய்த் திரும்பும் நேரத்தில் விசம் ஏறிவிடும்.

புத்தூர் வாசகி: நாய் புல்லுத் தின்னுது. மழை வருமோ?

மறுமொழி: வந்தால் தோட்டத்துக்கு நல்லதுதான், ஆனால் நாய்க்கு அது தெரியாது. நலமான நாய்களும் புல் மேயும். கிழமையில் ஒரு நாள் மேய்ந்து கொஞ்சம் சத்தி எடுத்தால் விட்டுவிடுங்கள். நாளாந்தம் மேய்ந்து, நாளாந்தம் சத்தி எடுத்து, மெலிந்தும் வந்தால் பூச்சிமருந்து கொடுத்த திகதியைப் பாருங்கள், பிறகு மிருக வைத்தியரைப் பாருங்கள். வெங்காயத் தோட்டத்துக்கும் புகையிலைத் தோட்டத்துக்கும் மருந்தடித்த கிழமையில் மட்டும் அந்த வரம்புப் பக்கம் கூட்டிக்கொண்டு போகவேண்டாம்.